கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளைச் சேர்ந்து படிப்போம்

சேலம் மாநகரிலும் ஏற்காட்டு மலையிலும் உள்ள வணிகர் சங்கங்கள், பட்டறைக்காரர் சங்கங்கள், விடுதி உரிமையாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய கணக்கை எழுதுகிறவள் நான். கொலுசுப் பட்டறை, தானிய மண்டி, ஜவ்வரிசி வியாபாரம், இளம்பிள்ளைச் சேலைக் கடை, ஏற்காட்டில் இரண்டு தங்கும் விடுதிகள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களின் பில்கள் மாதாமாதம் என் மேசைக்கு வருகின்றன. கரண்ட் பில்லையும் கூலிக் கணக்கையும் முதலாளிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். இன்டர்நெட் பில்லையும் போன் பில்லையும் நீட்டினால் மட்டும், "அது வர்றது வரட்டும் கண்ணு, கட்டிவிட்டுடு" என்பார்கள். அந்தப் பேச்சை மாற்றத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வெள்ளியை டச் (தூய்மை) பார்க்காமல் வாங்குகிற ஆள் நம் ஊரில் கிடையாது. சோதனைச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் பணம் நகரும். அதே பட்டறையில், கழுத்தில் அடையாள அட்டையோடு வருகிற இன்டர்நெட் கம்பெனித் தம்பி நீட்டும் பத்துப் பக்கத் தாளில் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இப்போது பல இடங்களில் தாள்கூட இல்லை. போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால் ஒப்பந்தம் முடிந்தது.

சேலம் குகைப் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்டர்நெட் இணைப்புக்கு மாதம் 1,400 ரூபாய், மூன்று வருஷ ஒப்பந்தம். பதினான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் இடத்து வாடகை கட்டுப்படியாகாமல் பட்டறையைக் கொண்டலாம்பட்டிப் பக்கம் மாற்றினார். அந்த நிறுவனத்துக்கு அங்கே கேபிள் கிடையாது. "எங்களால் இணைப்புத் தர முடியாது, ஆனால் மீதி 22 மாதத்துக்கான இணைப்பு வாடகையை நீங்கள் கட்ட வேண்டும்" என்று நோட்டீஸ் வந்தது. 30,800 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,544, ஆக மொத்தம் 36,344. நான்கு மாதம் அலைந்து, பேசிப் பேசிப் பாதியில் முடித்தோம். எடுத்துப் பார்த்தால் ஏழாவது பக்கத்தில் அந்த நிபந்தனை தெளிவாகவே இருந்தது. அவர் படிக்கவில்லை. அவருடைய கணக்கைப் பார்க்கிற நானும் படிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

"இடம் மாறும்போது புது இடத்தில் நிறுவனத்தால் சேவை தர முடியாவிட்டால் அபராதம் இல்லாமல் விலகலாம்" என்று ஒரே ஒரு வரி. கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேட்டு எழுதி வாங்கியிருந்தால் போதும். விற்க வந்தவருக்கு அந்த மாதக் கணக்கில் ஒரு இணைப்புச் சேர வேண்டும். அந்த நேரத்தில் கேட்டால் சிலது கிடைக்கும். கையெழுத்துக்குப் பிறகு யாரும் எதையும் திருத்தித் தர மாட்டார்கள்.

ஆடி மாதத் துணிக்கடை விளம்பரத்தில் "50 சதவீதம் வரை தள்ளுபடி" என்று இருந்தால் அந்த 'வரை'க்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இன்டர்நெட் திட்டத்தில் "200 எம்பிபிஎஸ் வரை" என்று இருக்கும்போது மட்டும் 200-ம் முழுதாக வரும் என்று நம்பிவிடுகிறோம். சாதாரண பிராட்பேண்டில் நம் இணைப்பும் தெருவில் உள்ள மற்றவர்களின் இணைப்பும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரவு எட்டு மணிக்கு வேகம் குறைவது அதனால்தான். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு, நம் கோப்புகளோ மெகாபைட் (எம்பி) கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். 200 எம்பிபிஎஸ் முழுதாக வந்தாலும் நொடிக்கு 25 எம்பிதான் இறங்கும்.

இறங்குகிற வேகத்தைக் கேட்பவர்கள் ஏறுகிற வேகத்தைக் கேட்பதில்லை. இளம்பிள்ளையில் சேலையை விரித்துக் காட்டி நேரலையில் விற்கிறவர்களுக்கு ஏறுகிற வேகம்தான் பிழைப்பு. படம் உறைந்து நின்றால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர்களுக்கு, இரண்டு பக்கமும் ஒரே வேகம் தரும் திட்டம் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் தகும். ஆனால் மளிகைக் கடைக்கு யுபிஐ-யும் பில் போடும் மென்பொருளும் ஓட 50 எம்பிபிஎஸ்ஸே தாராளம். அங்கே யாராவது லீஸ்டு லைன் விற்க வந்தால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேறு யாரோடும் பங்கில்லாமல், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில், எழுத்து உத்தரவாதத்தோடு வருவது லீஸ்டு லைன். விலையும் அதற்கேற்ப இருக்கும். பெரிய ஆலைக்கும், ஐம்பது பேர் உட்கார்ந்து வேலை செய்கிற அலுவலகத்துக்கும் அது தேவைப்படலாம். கடைக்கு வெளியிலிருந்து கேமரா பார்க்க வேண்டும் என்றால், ஸ்டாடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

உத்தரவாதம் என்றதும் மாதத்தில் 99.5 சதவீத நேரம் லைன் ஓடும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3 மணி 36 நிமிஷம். 99 சதவீதம் என்றால் 7 மணி 12 நிமிஷம். அவ்வளவு நேரம் லைன் செத்துக் கிடந்தாலும் நிறுவனம் சொன்ன சொல் தவறவில்லை என்றுதான் பொருள். அதற்கு மேல் போனால் எவ்வளவு பணம் பில்லில் குறையும், தானாகக் குறையுமா, நாம் எழுதிக் கேட்டால்தான் குறையுமா என்று பாருங்கள். பெரும்பாலும் கேட்டால்தான். இன்னொன்று, "4 மணி நேரத்துக்குள் பதில்" என்று எழுதியிருப்பதைச் சரிசெய்து தருவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனை எடுத்துப் பேசினாலே அது பதில்தான். சரிசெய்து முடிக்க எத்தனை மணி நேரம் என்பதைத் தனியாக எழுதச் சொல்ல வேண்டும்.

இனி ஏற்காட்டைப் பற்றி. விடுதிக்காரர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேலத்தில் லைன் போனால் மாலைக்குள் யாராவது ஏணியோடு வந்துவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கதையே வேறு. கேபிள் கம்பத்துக்குக் கம்பம் தாவி, காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகிறது. கோடை இடிமழையில் ஒரு கிளை முறிந்தால் போதும். நாகலூர்ப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவருடைய கணக்கை நான் பார்க்கிறேன். அவர் விவரமானவர். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, இரண்டுக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்தார். மே மாதத்தில், அறைகள் எல்லாம் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டும் ஒரே நிமிஷத்தில் நின்றுவிட்டன. இரண்டு கேபிளும் ஒரே கம்பங்களின் மேல், ஒரே வழியில் வந்துகொண்டிருந்தன என்பது மரத்தை அறுத்து அப்புறப்படுத்திய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கையில் பணம் இல்லாமல் போனை மட்டும் நம்பி வந்த குடும்பங்கள் சாப்பாட்டுப் பணம் கட்ட முடியாமல் சங்கடப்பட்டு நின்றார்கள். அவரும் எல்லோரிடமும், "ஊருக்குப் போய் அனுப்புங்க, பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பினார். பெரும்பாலானவர்கள் அனுப்பினார்கள்.

அதனால், இரண்டாவது இணைப்பு வாங்கும்போது நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதைவிட வழியைப் பாருங்கள். விற்க வருகிறவருக்கு அது தெரியாது. லைன்மேன் தம்பியிடம் ஒரு தாளைக் கொடுத்து, சேலத்திலிருந்து நம் வாசல் வரை கேபிள் எந்த வழியாக வருகிறது, மலைப்பாதை வழியா, குப்பனூர்ச் சாலை வழியா என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். வழியில் மின்சாரத்தில் ஓடுகிற பெட்டி எங்காவது இருக்கிறதா, கரண்ட் போனால் அதற்கு பேட்டரி உண்டா என்றும் கேளுங்கள். நம் விடுதியில் யுபிஎஸ் வைத்து ரூட்டரை உயிரோடு வைத்திருந்து பயனில்லை, வழியில் ஒரு பெட்டி அணைந்துவிட்டால்.

முதல் இணைப்பு கேபிள் என்றால் மாற்று இணைப்பு சிம் போட்ட ரூட்டராக இருப்பது நல்லது என்பது என் கருத்து. அதையும் வாங்கும் முன்னால் சோதிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் சோதித்தால் எல்லா நிறுவனமும் பறக்கும். கோடை விழாச் சமயத்திலோ, அல்லது ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலையிலோ, உங்கள் வரவேற்பு மேசைக்கு அருகிலேயே நின்று சோதித்துப் பாருங்கள். மலை மடிப்புக்குள் இருக்கும் கட்டடத்துக்கும் சாலையோரக் கட்டடத்துக்கும் சிக்னல் ஒன்றல்ல. பக்கத்து விடுதிக்காரர் சொன்னார் என்று வாங்க முடியாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சாலையே அடைபட்டிருக்கும்போது பழுது பார்க்கிறவர் எப்படி மேலே வருவார்? "உங்கள் ஆள் ஏற்காட்டிலேயே இருக்கிறாரா, அடிவாரத்திலிருந்து ஏறி வர வேண்டுமா?" ஏற்காட்டில் இணைப்பு வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

அடுத்து போன் எண்கள். இணைப்புப் போனால் ஒரு நாள் வியாபாரம் போகும், எண் போனால் வருஷக்கணக்கான வாடிக்கையாளர்கள் போவார்கள்.

லீ பஜாரில் ஒரு மண்டிக்காரர் தன் 0427 லேண்ட்லைன் எண்ணை அப்பா காலத்திலிருந்து சாக்குகளில் அச்சடித்து வந்தார். வேறு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்போடு போனும் இலவசம் என்றதும் மாறினார். எண்ணும் கூடவே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். வரவில்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நம் நாட்டில் மொபைலுக்கு மட்டும்தான் உண்டு. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த வசதி அது. லேண்ட்லைனுக்குக் கிடையாது. ஏற்காட்டின் 04281 எண்களுக்கும் இதே நிலைதான். பழைய எண் முக்கியம் என்றால், அந்த லைனைக் குறைந்த கட்டணத் திட்டத்தில் ஒரு வருஷமாவது உயிரோடு வைத்திருந்து, அழைப்புகளை மொபைலுக்குத் திருப்பிவிட்டு, அதற்குள் எல்லோருக்கும் புது எண்ணைச் சொல்லிவிட வேண்டும். இறந்துபோன அப்பா பெயரிலேயே இணைப்பு இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். அவசரம் வரும்போது அதுதான் குறுக்கே நிற்கும்.

மொபைலில் வேறு விதமான ஆபத்து. இளம்பிள்ளைக் கடை ஒன்றில் வாட்ஸ்அப் ஆர்டர் எடுத்த பெண் தன் பெயரிலேயே சிம் வாங்கியிருந்தார். கடைக்காரர்தான் அப்படி வாங்கச் சொன்னார், அவசரத்துக்கு. கல்யாணமாகி அவர் வெளியூர் போனபோது சிம்மும் போனது. அந்தப் பெண் மேல் தவறில்லை. சட்டப்படி எண் அவருடையது. தொழிலுக்கான எண் தொழிலின் பெயரில்தான் இருக்க வேண்டும். தொழிலின் பெயரில் உள்ள எண்களை வேறு மொபைல் நிறுவனத்துக்கு மாற்ற, கையெழுத்து அதிகாரம் உள்ளவரின் அங்கீகாரக் கடிதம் வேண்டும். ஒரே கடிதத்தில் 100 எண்கள் வரை மாற்றலாம். பில் பாக்கி இருந்தாலோ, ஒப்பந்தத்தில் உள்ள விலகல் நிபந்தனையை நிறைவேற்றாமல் விட்டிருந்தாலோ மாற்றக் கோரிக்கையைப் பழைய மொபைல் நிறுவனம் தள்ளிவிட முடியும். ஆகவே மொபைல் ஒப்பந்தத்திலும் அந்த விலகல் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

கணக்கெழுதுகிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பு வாங்கும்போது உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். பில்லில் அந்த எண் இருந்தால் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். மாதம் 1,000 ரூபாய் பில்லுக்கு வருஷத்தில் 2,160 ரூபாய். காம்பொசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மற்றவர்களில் பலர் வீட்டு முகவரியில், வீட்டுத் திட்டமாக வாங்கி, இந்தப் பணத்தை வருஷா வருஷம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் முடிகிற தேதியையும் யாரும் குறித்து வைப்பதில்லை. முடிவதற்கு முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. நான் இப்போது ஜிஎஸ்டி தேதிகளோடு சேர்த்து இவற்றையும் நாட்காட்டியில் எழுதி வைக்கிறேன். துண்டிக்கச் சொல்லும்போது மின்னஞ்சலில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரூட்டரைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ஒரு ரசீது வாங்கி வையுங்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது என்பதில் நம்மிடையே பெரிய குழப்பம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிவிட்டேன் என்று பலர் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரித்துத் தீர்ப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே ஒரு புகார் எண் கிடைக்கும். தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி, அதற்குக் கட்டணம் கிடையாது. அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற, தொழில் செய்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குகிறவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் மட்டும் வருவார். தையல் கடைக்காரரும் சிறு பட்டறைக்காரரும் வரலாம். நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற ஆலை வருவது கடினம். அவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கதி. "தகராறு என்றால் இன்ன பெருநகரத்து நீதிமன்றம் மட்டும்" என்ற வரி அங்கே இருந்தால், 18,000 ரூபாய்க்காக யார் ரயில் ஏறிப் போவார்கள்?

இங்கேதான் நீங்கள் வேண்டும். மாதம் 1,000 ரூபாய் கட்டுகிற ஒரு கடைக்காரர் "அந்த வரியை எடுங்கள்" என்று கேட்டால், கம்பெனித் தம்பி சிரித்துவிட்டுப் போவார். ஒரு தெருவின் நாற்பது கடைகள் சேர்ந்து, சங்கத்தின் தலைப்புத் தாளில் கேட்டால் அவருடைய மேலாளரே வருவார். ஒரே இணைப்பை வாங்கி நாற்பது கடைக்குப் பிரித்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அது வேண்டாம். உரிமம் இல்லாமல் இணைப்பை அடுத்தவருக்கு விலைக்குக் கொடுக்கக் கூடாது. இணைப்பு தனித்தனியாகவே இருக்கட்டும். பேரத்தைச் சேர்ந்து பேசுவோம், நிபந்தனைகளைச் சேர்ந்து கேட்போம்.

அதற்கு, ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் தமிழில் ஒரு பக்க நிபந்தனைத் தாள் இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம், விலகினால் என்ன, இடம் மாறினால் என்ன, பழுதைச் சரிசெய்யும் நேரம், வாடகைக் கழிவு, தானாகப் புதுப்பித்தல், எந்த ஊர் நீதிமன்றம் என்று கேட்டு, நிறுவனத்தின் பதிலை எழுதி முத்திரை வாங்கும்படியான தாள். முத்திரை போட மறுக்கிறவரிடம் உறுப்பினர் வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம், ஆனால் தெரிந்து வாங்குவார். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தெருவில், எந்த நிறுவனத்தின் லைன், எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் நின்றது என்று உறுப்பினர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைப்பது. ஒரு வருஷம் எழுதினால் போதும், குகையில் எது நிலைக்கும், அஸ்தம்பட்டியில் எது நிலைக்கும், ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பக்கம் எது நிலைக்கும் என்று நமக்கே தெரிந்துவிடும். விளம்பரத்தைப் பார்த்து யாரும் வாங்க வேண்டியதில்லை. புகார், மேல்முறையீடு என்று போகும்போதும் அந்த நோட்டுதான் சாட்சி.

நிபந்தனைத் தாளை நான் எழுதித் தருகிறேன். முதல் படி இப்போதே தயாராக இருக்கிறது. அதைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் சங்கம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். உறுப்பினர்கள் தங்களுடைய கடைசி மூன்று மாத இன்டர்நெட், போன் பில்களையும், கிடைத்தால் ஒப்பந்தத் தாளையும் எடுத்து வரும்படி அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள், நிறுவனத்துக்கு எழுதி ஒரு நகல் வாங்கி வரட்டும். ஏற்காட்டுச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் உறுப்பினர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.